பதினொன்றில் இறந்தவர்

அழுத்தம் பதினொன்றில் பொன்னுரங்கம் இறந்துபோனார். வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்து அதைச் சொன்னவரும் அவர்தான்.

சுகந்தி அப்போது ஒரு மாஸ்க்கின் பட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஈரோட்டில் ஒரு சின்ன மருத்துவமனையின் மாடி அறை அவளுடையது. தூக்கத்தில் சிலருக்குத் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு வழியை அடைத்துக்கொள்ளும். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பினால், பந்தலுக்கு முட்டுக் கொடுத்தது போல வழி திறந்தே நிற்கும். யாருக்கு எவ்வளவு அழுத்தம் என்று பார்த்து மெஷினில் எண்ணை வைப்பது அவள் வேலை. பதினான்கு வருடமாக எண் வைக்கிறாள்.

"செத்துட்டனுங்க அம்மிணி," என்றார் பொன்னுரங்கம். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

செத்தவர் மாதிரி இல்லை. முகம் கழுவி வைத்த பாத்திரம் போல இருந்தது. மூன்று மாதம் முன்பு இதே நாற்காலியில், பெயரைச் சொல்வதற்குள் இரண்டு முறை தூங்கியவர் அவர். வயது ஐம்பத்தொன்பது. முப்பத்தோரு வருடமாக மஞ்சள் மண்டியில் ஏலம் விடுகிறவர். அன்றைக்கு அவருக்கு மணிக்கு எழுபத்தொரு தரம் மூச்சு நின்றது. மீசையும் பாதிதான் இருந்தது. முடி திருத்தும் கடையில் தூங்கித் தலையை ஆட்டியதில் மறுபாதி போய்விட்டது. மிச்சத்தையும் எடுக்கச் சொன்னாள் சுகந்தி. மீசை போனதில் மாஸ்க் காற்று கசியாமல் உட்கார்ந்தது. பதினொன்றில் மூச்சு நிற்பது மூன்றாகக் குறைந்தது.

பின்னால் அவர் மனைவி பாவாத்தாள் ஒரு காகிதத்தோடு வந்தாள்.

"எனக்கு விதவைப் பாரம் வந்திருச்சுங்க," என்றாள். "அஞ்சாவது கேள்வியப் பாருங்க. 'கணவர் கடைசியாகக் குறட்டை விட்ட தேதி.' நான் என்னன்னு எழுதறது?"

சுகந்திக்குப் புரிந்துவிட்டது. தைத்த பட்டையைக் கீழே வைத்தாள்.

"மண்டபத்துக்குப் போனீங்களா ஐயா?"

"போனனுங்க. தூக்கமே வரலீங்க."

ஆள் அடையாளத்துக்கு எதை வைத்தாலும் போலி வந்தது. கைரேகையைக் களிமண்ணில் எடுத்துவிட்டார்கள். கண்ணைப் படம் எடுத்துவிட்டார்கள். முகத்தையும் குரலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளே செய்து விற்றார்கள். ஆறு வருடத்துக்கு முன்னால் அரசாங்கம் சலித்துப்போய்க் குறட்டைக்கு வந்தது. ஒவ்வொரு தொண்டையும் ஒவ்வொரு விதமாகச் சுருங்குகிறது. அந்தச் சத்தத்தை எந்தக் கணினியாலும் செய்ய முடியவில்லை. விழித்திருக்கிறவன் விடும் குறட்டையைக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும். ஆகவே ஐம்பது வயது தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒருமுறை குறட்டை விட்டு, தாங்கள் இன்னும் உயிரோடு இருப்பதை நிரூபிக்க வேண்டும். அதன் பெயர் உயிர்ச்சான்று.

"முன்னெல்லாம் ஊட்லயே தலகாணிக்கடியில வில்ல இருந்துச்சு. அதுவே கேட்டுக்கும்," என்றார் பொன்னுரங்கம். "இந்த வருசம் வில்லையெல்லாம் புடுங்கிட்டுப் போயிட்டாங்க. மண்டபத்துல கட்டல் போட்டுருக்காங்க. காலையில ஒம்பது மணிக்குப் படுத்தேன். சுத்தி எல்லாரும் ரெண்டே நிமிசத்துல உசுரோட இருக்கறாங்க. எனக்குக் கண்ணே மூடல. மேல பல்லிய எண்ணிட்டுக் கெடந்தேன்."

"எத்தனை பல்லி?"

"ஒண்ணுதானுங்க. அதையே எண்ணுனேன். ஒரு மணிக்கு வந்து, 'குறட்டை இல்லை, உயிர் இல்லை'ன்னு சீட்டக் கையில குடுத்துட்டாங்க."

பகலில் தூக்கம் வராமல் போவது சுகந்தியின் வேலைக்குக் கிடைத்த நற்சான்று. அவள் அதை வெளியே சொல்லவில்லை.

"இன்னும் ஒரு வாய்ப்புக் குடுப்பாங்களே?"

"பதினஞ்சு நாளைக்குள்ள இன்னொருக்கா படுக்கலாம். அதுலயும் வரலீன்னா முடிஞ்சுது." அவர் முன்னால் சாய்ந்தார். "மண்டியில என்ற மைக்கு, நான் உசுரோட இருந்தாத்தான் தொறக்கும். மூணு மாசத்துக்கு முந்தி மைக்கப் புடிச்சுட்டே தூங்குனேன். அப்ப உசுரோட இருந்தேன். இப்ப முழிச்சிருக்கறேன், செத்துட்டேங்குது. எனக்கு வேற தொழில் தெரியாதுங்க. அழுத்தத்தக் கொறச்சு வெய்யுங்க."

"முடியாதுங்க ஐயா. குறைச்சா மறுபடி தொண்டை அடைக்கும். ராத்திரி பூரா ஆக்சிஜன் இறங்கும். இதயம் தாங்காது."

"பத்து நாளைக்கு."

"உங்க இதயத்துக்கு நாள் கணக்குத் தெரியாது."

"நாலு," என்றார் பொன்னுரங்கம்.

"என்ன நாலு?"

"நாலு வெய்யுங்க."

"நாலுல மாஸ்க்குக்குள்ள மூச்சு முட்டும். பதினொண்ணு."

"நாலரை."

"ஏலம் விடறீங்களா?"

"நீங்க கேளுங்க அம்மிணி. கேட்டாத்தான படியும்."

அவள் பத்தரை என்றாள். சொல்லியிருக்கக் கூடாது. ஒரு முறை வாயைத் திறந்துவிட்டால் முப்பத்தோரு வருட அனுபவத்திடமிருந்து தப்பிக்க முடியாது. ஐந்து, பத்து, ஐந்தரை, ஒன்பது என்று இரண்டு பேரும் நடந்து வந்தார்கள். கீழே மருந்துக்கு நின்றவர்கள் படியேறி வந்து வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அவர் மேஜையைத் தட்டினார்.

"ஏழரை."

"ஏழரையா?" பாவாத்தாள் குறுக்கே வந்தாள். "இருக்கற சனி பத்தாதா? மூஞ்சில வேற கட்டிட்டுப் படுக்கோணுமா?"

ஏழு புள்ளி நான்கு என்று படிந்தது. டாக்டர் வாரம் ஒருமுறை வருகிறவர்; எண்ணை மாற்றினால் பதிவேட்டில் காரணம் எழுதி அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சுகந்தி கொஞ்ச நேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுதினாள்: நோயாளி உயிரோடு இருக்க விரும்புகிறார்.

மெஷின் தினமும் காலையில் கணக்கை அவளுக்கு அனுப்பிவிடும். மூச்சு நிற்பது முதல் நாள் பதினாறு. மூன்றாம் நாள் இருபத்தெட்டு. ஏழாம் நாள் முப்பத்தொன்பது. எட்டாம் நாள் பாவாத்தாள் போனில் கூப்பிட்டாள்.

"சாப்புட்டுட்டு இருக்கறப்பவே தூங்கறாருங்க. ரசத்துல மூக்கு முங்கீருச்சு."

"ஐயா என்ன சொல்றாரு?"

"சந்தோசமா இருக்கறாரு. 'பாத்தியா, பொழச்சுக்கிட்டேன்'ங்கறாரு."

சுகந்தி அன்றைக்குச் சாப்பிடவில்லை. பன்னிரண்டாம் நாள் விடுப்புப் போட்டுவிட்டு, அவர்களோடு மண்டபத்துக்குப் போனாள். அவர் எழுந்த மறுநிமிடம் பதினொன்றை வைத்துவிட வேண்டும் என்று மெஷினையும் கையோடு எடுத்துப் போனாள்.

உயிர்ச்சான்று மண்டபம் முன்பு கல்யாண மண்டபமாக இருந்தது. இருநூறு கட்டில்கள். ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு வில்லை, கால்மாட்டில் ஒரு திரை. பொதுமக்கள் தூங்க, ஊழியர்கள் விழித்திருக்கும் ஒரே அரசு அலுவலகம் அதுதான் என்று ஊரில் சொல்வார்கள். நஞ்சப்பன் என்ற எழுத்தர் தேநீர்க் குவளையோடு கட்டில்களுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தார். மாதத்தின் பின்பாதி பெண்களுக்கு உரியது. மறுவாய்ப்புக்காரர்களுக்கு மட்டும் ஓரத்தில் பத்துக் கட்டில்.

பொன்னுரங்கம் செருப்பைக் கழற்றினார். இரண்டாவது செருப்பைக் கழற்றுவதற்குள் தூங்கிவிட்டார். நஞ்சப்பன்தான் காலைத் தூக்கிக் கட்டிலில் போட்டார்.

குறட்டை எழுந்தது. நான்கு கட்டில் தள்ளிப் படுத்திருந்த ஒரு அம்மாள் திடுக்கிட்டு எழுந்து, தன் உயிர் பாதியில் அறுந்துபோனதாகச் சண்டைக்கு வந்தாள்.

திரையில் வட்டம் சுற்றியது. நின்றது. நஞ்சப்பன் குனிந்து படித்தார். மறுபடியும் படித்தார்.

"பாவாத்தாள், பெண், ஐம்பத்தாறு. உயிருடன்," என்றார்.

"நான் இன்னும் படுக்கவே இல்லீங்களே," என்றாள் பாவாத்தாள்.

"அதான் நானும் பாக்கறேன்." அவர் திரையைத் தட்டினார். "நாலு வருசம் முந்தி ஊட்டுக்கு வந்து வில்ல வெச்சாங்கல்ல, யாரது எந்தப் பக்கம் வெச்சாங்க?"

"அவிய எங்களக் கேக்கவே இல்லீங்க. அவியளா வெச்சுட்டுப் போனாங்க."

"சட்டப்படி வெச்சிருப்பாங்க. தாலி கட்டுன பொறகு பொண்ணு மாப்பிள்ளைக்கு இடப்பக்கம். அந்தக் கணக்குத்தான். வலதுல ஆம்பளை வில்லை, இடதுல பொம்பளை வில்லை."

"எங்கூட்ல நாந்தானுங்க வலதுல. ஜன்னல் அந்தப் பக்கம்."

நஞ்சப்பன் தேநீரைக் கீழே வைத்தார். "அப்ப இவரு கொறட்டை உங்க பேர்ல இருக்குது. உங்க கொறட்டை இவரு பேர்ல."

"நான் கொறட்டை விடமாட்டேன்," என்றாள் பாவாத்தாள்.

சொன்னது உரக்கவே சொன்னாள். அதற்குக் காரணம் இருந்தது. பெண்கள் வரிசையில் பதினேழாம் எண் சீட்டோடு அவளுடைய சம்பந்தியம்மா உட்கார்ந்திருந்தாள். மகளைக் கொடுக்கும்போது, எங்கள் வம்சத்தில் பொம்பளைகள் குறட்டை விடுவதில்லை என்று பேச்சோடு பேச்சாக அவளிடம் சொல்லி வைத்திருந்தாள் பாவாத்தாள்.

பொன்னுரங்கம் எழுந்து கண்ணைக் கசக்கினார். சுகந்தி நடந்ததைச் சொன்னாள். அவர் மனைவியைப் பார்க்கவில்லை. கட்டில் காலைப் பார்த்துச் சொன்னார்.

"விடுவா."

"மாமா."

"மெஷின் மாட்டுன பொறகுதான் எனக்கே தெரியும். அதுவரைக்கும் என்ற சத்தத்துல உன்ற சத்தம் கேக்கல. மூணு மாசமாக் கேக்கறேன். சொல்ல வேண்டாம்னு இருந்தேன்."

"முப்பது வருசம் பக்கத்து ரூமுக்குப் போகச் சொல்லி நான் திட்டுனேனே உங்கள?"

"திட்டுன. அதான் சொல்லல. பாவம்னு."

பாவாத்தாள் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தாள். சம்பந்தியம்மா இன்னும் அருகில் இருந்த நாற்காலிக்கு மாறியிருந்தாள்.

"இத எழுதித் திருத்த முடியாதுங்களா?" என்று கேட்டாள் சுகந்தி.

"மனுப் போட்டாத் திருத்தலாம். மனுப் போடறவரு உசுரோட இருக்கோணும். இவரு இல்லியே."

"இருந்தா?"

"இருந்தா, ரெண்டு பேரோட பழைய பதிவும் அழியும். புதுசு பதியறதுக்கு மூணு வருசம் வரிசை."

"அதுவரைக்கும் இவங்க யாரு?"

நஞ்சப்பன் யோசித்தார். "பொறக்காதவங்க."

பாவாத்தாள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். வளையல்களை முழங்கை வரை ஏற்றினாள். அடிதடிக்குப் போகிறவள் போல நடந்துபோய், கணவன் எழுந்த கட்டிலில் படுத்தாள்.

"சம்மந்தி, நீங்களுமா?" என்றாள் சம்பந்தியம்மா.

"அவரு உசுருக்காகங்க," என்றாள் பாவாத்தாள் கண்ணை மூடிக்கொண்டு. "எனக்குன்னா விடமாட்டேன்."

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மஞ்சள் பாலிஷ் போடும் பீப்பாயைச் சுற்றிவிட்டது போல ஒரு சத்தம் கிளம்பியது. நல்ல, கனமான, விடாத சத்தம். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சம்பந்தியம்மா கையிலிருந்த விசிறியை மடியில் போட்டுவிட்டாள். நஞ்சப்பன் திரையைப் பார்த்துத் தலையாட்டினார். பெரிய பாட்டுக்காரரைக் கேட்பவர் போல.

பிறகு சத்தம் நின்றது.

நஞ்சப்பனுக்கு அது ஒரு இடைவெளி. சுகந்திக்கு அப்படி இல்லை. அவள் எண்ண ஆரம்பித்தாள். பத்து. பதினைந்து. பாவாத்தாளின் நெஞ்சு ஏற முயன்றது, காற்று போகவில்லை. இருபது.

"ஏனுங்க அம்மிணி, நின்னுருச்சே," என்றார் பொன்னுரங்கம்.

"ஆமாங்க."

"எனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"இப்படித்தான்."

அவர் முகத்தில் இருந்த தூக்கம் போய்விட்டது. இருபத்தைந்து. மனைவியின் தோளைத் தொடப் போனார்.

"தொடாதீங்க," என்றார் நஞ்சப்பன். "பதிவு ஓடுது. எழுப்பினா நீங்க செத்துருவீங்க."

"செத்துட்டுப் போறன் உடுய்யா," என்று மனைவியின் தோளைப் பிடித்து உலுக்கினார். முப்பத்திரண்டில் பாவாத்தாள் பெரிய இழுப்பாக ஒரு மூச்சை இழுத்தாள். அந்த இழுப்பில் வட்டம் நின்றது.

பொன்னுரங்கம், ஆண், ஐம்பத்தொன்பது. உயிருடன். பொருத்தம் தொண்ணூற்றேழு.

அடுத்த வாரம் பாவாத்தாளைப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். மணிக்கு ஐம்பத்திரண்டு. பதிமூன்றில் சரியாயிற்று. வீட்டு வேலையின் அலுப்பு என்று அவள் இத்தனை வருடம் நினைத்திருந்தது அலுப்பு அல்ல.

அவர் புதன்கிழமை காலையில் தனியாக வந்தார்.

"அவளுக்கு என்ன வேணுமோ அத வெச்சுருங்க. எனக்கு ஆறு போதும். நான் கொறட்டை உட்டாத்தான் அவ உசுரோட இருப்பா."

அவள் புதன்கிழமை மத்தியானம் தனியாக வந்தாள்.

"அவருக்கு என்ன உண்டோ அத வெய்யுங்க. எனக்குப் பேருக்கு ஆறு வெச்சாப் போதும். நான் கொறட்டைய உட்டுட்டா அவரு மைக்கு போயிரும்."

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கலியா?"

"இதையெல்லாம் பேசுவாங்களா?" என்றாள் பாவாத்தாள்.

இருவரும் போன பிறகு சுகந்தி இரண்டு மெஷின்களையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மெஷினின் முகப்பில் எந்த எண் தெரிய வேண்டும் என்பதையும் அவளால் மாற்ற முடியும். பழுது பார்ப்பதற்காக வைத்திருக்கும் வசதி அது. பதினான்கு வருடத்தில் அவள் அதைத் தொட்டதில்லை. இரண்டிலும் ஆறு என்று தெரிய வைத்தாள். உள்ளே ஒன்றில் பதினொன்று வைத்தாள். இன்னொன்றில் பதிமூன்று.

பொய்தான். முப்பத்திரண்டு நொடி எண்ணியவளுக்கு வேறு எண் வரவில்லை.

இரண்டு மாதத்தில் பொன்னுரங்கம் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார்.

"ஆறே போதும்னு நாந்தான் அப்பவே சொன்னனே. நீங்க பதினொண்ணு பதினொண்ணுன்னு ஒத்தக் கால்ல நின்னீங்க."

"நல்லாத் தூங்கறீங்களா?"

"நாங்க ரெண்டு பேரும் விடிய விடியத் தூங்கறமுங்க. அவ இப்ப மத்தியானத்துல தையல் கத்துக்கறா. ஆறுலயே." குரலைத் தாழ்த்தினார். "அவகிட்ட எனக்கு ஆறுன்னு சொல்லிராதீங்க."

அவர் அதை மனைவியிடம் மட்டும்தான் சொல்லவில்லை. மண்டி முழுக்கச் சொன்னார். மஞ்சள் வியாபாரிகள் பெரும்பாலும் கழுத்து இல்லாதவர்கள். மூட்டைமேல் தூங்கி விழுகிறவர்கள். ஒவ்வொருவராக மாடியேறி வந்தார்கள். எல்லோரும் ஒரே வார்த்தைதான் கேட்டார்கள். "பொன்னுரங்கண்ணனுக்கு வெச்ச அதே ஆறு." அழுத்தம் ஏறினால் உயிர் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். சுகந்தி எல்லோருக்கும் ஆறு என்று காட்டினாள். உள்ளே ஒன்பது வைத்தாள், பன்னிரண்டு வைத்தாள், ஒருவருக்குப் பதினாறுகூட வைத்தாள். முதல் பொய்க்கு ஒரு மத்தியானம் ஆயிற்று. நாற்பத்தைந்தாவது பொய்க்கு ஒரு நிமிடம்.

உயிர்ச்சான்று மாதமான நவம்பர் மறுபடி வந்தது. இந்த முறை கணவன் மனைவிக்கு ஒரே நாள் போட்டுக்கொள்ளலாம் என்று விதி மாறியிருந்தது. சுகந்தி ஓடிப்போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் இடது பக்கம் முழுக்கக் குறட்டை. வலது பக்கம் மஞ்சள் மண்டி. நாற்பத்தைந்து பேரும் மல்லாந்து படுத்து, விழித்த கண்ணோடு விரலி மஞ்சள் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"சத்தம் போடாதீங்க," என்று கெஞ்சினார் நஞ்சப்பன். "உசுரோட இருக்கறவங்க தூங்கறாங்கல்ல."

பொன்னுரங்கமும் பாவாத்தாளும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்தார்கள். நடுவே வெற்றிலைப் பெட்டி.

"அம்மிணி, ஒரு மணி நேரமாப் படுத்துட்டு இருக்கறம்," என்றார் அவர். "தூக்கமே வரலீங்க. ஆறு தானே வெச்சீங்க?"

சுகந்தி கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது பேச்சு ஒவ்வொரு கட்டிலாக அடங்கியது.

"அப்ப எனக்கு எத்தனைங்க?" என்றார் பொன்னுரங்கம்.

"பதினொண்ணு."

"எனக்கு?" என்றாள் பாவாத்தாள்.

"பதிமூணு."

பாவாத்தாள் கணவனைப் பார்த்தாள். ஒரு சிரிப்பை அடக்கினாள். "உங்களவிட ரெண்டு சாஸ்தி," என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. மேலே கூரையைப் பார்த்தார். "எனக்கு ஆறுன்னு நானே கேட்டு வாங்குனேன் அம்மிணி. இவ உசுரோட இருக்கோணும்னு."

"நானும் கேட்டேன்," என்றாள் பாவாத்தாள். "நீங்க ஏலம் உடோணும்னு."

பிறகு அவர் எழுந்து உட்கார்ந்தார். ஏமாற்றியதற்குத் திட்டுவார் என்று சுகந்தி காத்திருந்தாள்.

"இனி என்ற மைக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"தெரியலீங்க ஐயா."

"நீங்க கேக்காம வெச்சிருக்கக் கூடாதுங்க."

"ஆமாங்க."

"கேட்டிருந்தாலும் நான் ஒத்திருக்க மாட்டேன்," என்றார்.

ஒரு மணிக்கு நாற்பத்தைந்து சீட்டுகள் வந்தன. மறுவாய்ப்பிலும் யாருக்கும் தூக்கம் வரவில்லை. ஒருவர்கூட எண்ணைக் குறைக்கச் சொல்லி மாடியேறி வரவில்லை. சுகந்தி தினமும் காத்திருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை, அவர்கள் இறந்த பிறகு வரும் முதல் ஏலம். அவளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, மண்டிக்குப் போனாள். கூடம் முழுக்க மஞ்சள் குவியல். பொன்னுரங்கம் மேடையேறி மைக்கை எடுத்தார். மைக் திறக்கவில்லை. கீழே வியாபாரிகள் தங்கள் கேட்புப் பொத்தானை அழுத்திப் பார்த்தார்கள். ஒன்றிலும் விளக்கு எரியவில்லை.

பொன்னுரங்கம் மைக்கைத் திருப்பிப் பார்த்தார். கீழே வைத்தார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார்.

"விரலி, முதல் குவியல்," என்று வெறும் வாயால் கூப்பிட்டார். குரல் கடைசிக் குவியல் வரை போயிற்று. பதினாறில் இறந்தவர் கையைத் தூக்கி ஒரு விலை கேட்டார். பன்னிரண்டில் இறந்தவர் அதற்கு மேலே கேட்டார். பெண்கள் நிற்கும் ஓரத்தில் பாவாத்தாள் தானே தைத்த ரவிக்கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறந்தவர் விடும் ஏலம் செல்லாது. அதை நிறுத்தும் அதிகாரம் அங்கே ஒருவருக்குத்தான் உண்டு. கண்காணிப்பாளர், மேடையின் ஓரத்தில், கைவைத்த நாற்காலியில். சட்டைப்பையில் இந்த வருடத்து உயிர்ச்சான்று குத்தியிருந்தது. சுகந்தி பயந்துகொண்டே கிட்டே போனாள்.

தலை தொங்கியிருந்தது. வாய் திறந்திருந்தது. அவள் பழக்கதோஷத்தில் எண்ணினாள். மூச்சு இருபத்தாறு நொடி நின்று, ஒரு பெரிய இழுப்போடு திரும்பி வந்தது.

கைப்பையிலிருந்து மருத்துவமனையின் முகவரிச் சீட்டை எடுத்தாள். அவருடைய பைக்குள் வைக்கக் கையை நீட்டினாள்.

இன்னும் நாற்பது குவியல் பாக்கி இருந்தது. சீட்டை மறுபடி தன் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டாள்.